டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்



பங்க்குக்குப் போகிறோம், டீசல் போடச் சொல்கிறோம், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பெட்ரோல், மண்ணெண்ணெய் மாதிரி அதுவும் ஓர் எண்ணெயின் பெயர் என்றுதான் பதினேழு வயது வரை நானும் நினைத்துக் கொண்டிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர், அந்த மனிதரும் நம்மைப் போல பாலிடெக்னிக்கில் படித்தவர் என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. அடுத்தவர் வண்டி ஒன்றைக் கெடுத்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் அப்பா டிராக்டர் டிரைவர். டிராக்டர் சொந்தம் இல்லை. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்கு லோடு, மற்ற நாட்களில் உழவு. அம்மா மல்லாட்டை பறிக்கவும் முந்திரிக் கொட்டை உடைக்கவும் போவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ரிசல்ட் வந்த அன்றே அப்பா என்னை ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்க்கப் பேசி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து சார் ஒருவர் வீடு தேடி வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் செராமிக் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் வாங்கினோம். அதில் அம்மா பெயருக்கு எதிரே இருப்பது கைரேகைதான். ஆனாலும் பட்டறை ஆசை என்னை விடவில்லை. லீவு விட்டால் அங்கேதான் இருப்பேன்.

போன தை மாதம் பக்கத்து ஊர்ப் பையன்கள் இழுவைப் போட்டி வைக்கப்போவதாகக் கிளம்பினார்கள். எல்லாம் செல்போனில் பார்த்த வினை! பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களைப் பின்னுக்குப் பின் சங்கிலியால் கட்டி இழுக்க விடுவார்கள். டோச்சன் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் இது இன்னும் பெரிய ஆட்டம். 1969 முதல் அங்கே இழுவைக்காரர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கமே இருக்கிறது. ஸ்லெட் என்று ஒரு ராட்சத வண்டி. முன்பக்கம் தரையோடு உராயும் இரும்புத் தட்டு, பின்பக்கம் மட்டும் சக்கரம், மேலே டன் கணக்கில் எடை வைத்த பெட்டி. இழுக்கும் வண்டி நகர நகர அந்தப் பெட்டி சங்கிலியில் ஏறி முன்னால் வரும். எடை முழுவதும் இரும்புத் தட்டின் மேல் இறங்கும். அதாவது போகப் போகப் பாரம் கூடும். மூச்சு முட்டி எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த வண்டியின் அளவு. முந்நூறு அடி இழுத்துவிட்டால் முழு இழுவை.

அதற்கு டீசல் பிக்கப்பைத் தயார் செய்வது ஒரு தனி வித்தை. பெரிய டர்போ போடுவார்கள், நாசில்களை மாற்றுவார்கள், ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு உறுதியான ஸ்டட்டுகள் இறக்குவார்கள். பின் ஸ்பிரிங் அமுங்காமல் இருக்கக் கட்டை கொடுப்பார்கள். முன் பம்பரில் எடை தொங்கவிடுவார்கள். கரும்பு டிராக்டர் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தூக்குவதை நம்ம ஊரில் பார்க்காதவர் யார்? அதே கணக்குதான். கொக்கி மாட்டும் உயரத்துக்குக்கூட சட்டம் உண்டு. கிளட்ச்சுக்கு உலோகமும் செராமிக்கும் கலந்து சுட்ட பட்டைகள் போடுவார்கள். நம்ம பாடம் அங்கேயும் நுழைந்திருக்கிறது, பாருங்கள்! எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியம், காற்றை அடைக்கும் கதவு. டீசல் எஞ்சின் வெறிபிடித்து ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதில் அணைக்க தீப்பொறியே கிடையாதே! காற்றை நிறுத்தினால்தான் நிற்கும். வண்டி ஸ்லெட்டிலிருந்து அறுந்து ஓடினால் ஒரு கயிறு தானாக இழுபட்டு அந்தக் கதவை மூடிவிடும்.

இதில் எதையும் நாங்கள் செய்யவில்லை. எங்களிடம் இருந்தது கயிறு கட்டிய ஒரு பழைய பரம்பு, அதன்மேல் மணல் மூட்டைகள், முந்திரி விறகு ஏற்றும் ஒரு பழைய பிக்கப், என் கையில் ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி. டீசல் பம்ப்பின் பின்னால் சீல் வைத்த ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருகினால் ஒவ்வொரு அடிக்கும் டீசல் கூடுதலாக இறங்கும். மெக்கானிக் அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் அதை ஒன்றரைச் சுற்று திருகினேன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் சைலன்சரிலிருந்து கருகருவென்று புகை! பையன்கள் விசில் அடித்தார்கள். பரம்பு கிளம்பியது. மூன்றாவது தடவை இழுக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலை ஓரத்தில் மெழுகு மாதிரி உருகியிருந்தது.

சூளையில் கருப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, எரிபொருள் வீணாகிறது என்று முதல் வருஷமே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதும் தெரியும். படித்தது ஒரு பக்கம், கை செய்தது ஒரு பக்கம். வண்டிக்காரருக்கு ஆன செலவை அப்பாதான் கொடுத்தார். எங்கிருந்து கொடுத்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அந்த வெட்கத்தில்தான் டீசல் எஞ்சினை முதலிலிருந்து படிப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே இந்த மனிதர் நின்றார்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தோலில் பொருள் செய்யும் கைத்தொழிலாளி. செய்த பொருளைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் சண்டை மூண்டது. ஜெர்மன்காரர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே எல்லோருக்கும் சோறு போட வழியில்லை. பன்னிரண்டு வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். பையனுக்கு அது அதிர்ஷ்டம். பதினான்கு வயதில் தான் எஞ்சினியர் ஆகப்போவதாகப் பெற்றோருக்கு எழுதிவிட்டான். வகுப்பில் முதல் மாணவனாகத் தேறினான்.

இனி வரும் இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக் கொண்டிருந்தேன். 1875இல் மியூனிக் நகரத்து பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு அவருக்கு இடம் கிடைத்தது. பெற்றோருக்கு அதில் விருப்பம் இல்லை. படித்தது போதும், வேலைக்குப் போய்ச் சம்பாதி என்பதுதான் அவர்கள் எண்ணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன்பட்ட வீட்டில் ஒரு ஆள் சம்பாத்தியம் என்பது சாதாரண விஷயமா? ஆனால் அவர் பாலிடெக்னிக்குக்கே போனார்.

அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் கார்ல் லிண்டே. குளிர்சாதன எந்திரத்தில் பேர்போனவர். ஒரு வகுப்பில் லிண்டே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். நீராவி எஞ்சினில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றில் பத்துப் பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மிச்சம் முழுவதும் வீண் என்பதுதான் அது. ஊரே நீராவியைக் கும்பிட்ட காலம்! நம்ம விருத்தாசலம் ஜங்ஷனில் நீராவி எஞ்சின் தண்ணீர் பிடித்ததைத் தாத்தா திருவிழா மாதிரி சொல்வார். அப்படிப்பட்ட எஞ்சின் பத்தில் ஒன்பது பங்கைத் தூக்கி எறிகிறதா என்று அந்த மாணவருக்குப் பொறுக்கவில்லை. வெப்பத்தை வீணாக்காத எஞ்சின் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் எனத் தன் நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டார். அந்தக் குறிப்பு வேலையாக மாறப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

1879இல் பரீட்சை நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அடுத்த பரீட்சை வரும்வரை சும்மா இருக்காமல் சுவிட்சர்லாந்தில் ஒரு எந்திரத் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார். பிறகு பாரிசில் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம், மூன்று பிள்ளைகள். பகலில் ஐஸ், மற்ற நேரத்தில் எஞ்சின் ஆராய்ச்சி. நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியை வைத்துப் பல வருஷம் போராடிப் பார்த்தார். சரிவரவில்லை.

பின்பு வந்த யோசனை எவ்வளவு எளிது என்று பாருங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் கையைச் சுடும் அல்லவா? காற்றை அமுக்கினால் சூடேறும். இன்னும் இன்னும் அமுக்கினால்? எண்ணெயைத் தூவியதும் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும். நெருப்புப் பொறி தேவையே இல்லை. செராமிக் மாணவனாக எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக இருப்பது நம்ம செராமிக்தான். இவர் அந்த பிளக்கையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்! ஆனால் குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக்கில் சிலிக்கான் நைட்ரைடு செராமிக் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. கணக்கு நேராகிவிட்டது.

1892இல் பேட்டன்ட்டுக்கு எழுதிப் போட்டார். 1893இல் அது கிடைத்தது, அவர் எழுதிய புத்தகமும் வந்தது. ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையும் குருப் கம்பெனியும் செலவை ஏற்றன. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஞ்சினைச் சோதித்தபோது அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. எஞ்சின் ஓடவில்லை. ஆனால் அமுக்கிய காற்றில் எண்ணெய் பற்றும் என்பது வெடித்ததிலேயே ருசுவாகிவிட்டதே! அந்த மனநிலை எனக்குப் பிடித்திருக்கிறது. உடைந்ததைப் பார்த்து அழாமல், எதனால் உடைந்தது என்று பார்த்தார்.

அடுத்தது 1894 பிப்ரவரி 17. அதுவரை தொழிற்சாலையின் பெரிய ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் போட்டுத்தான் எஞ்சினைச் சுற்றுவார்கள். அன்று மேலே நின்றிருந்த ஒரு தொழிலாளி, பெல்ட்டின் இறுக்கம் பக்கம் மாறியதைப் பார்த்தார். ஷாஃப்ட் எஞ்சினை இழுக்கவில்லை, எஞ்சின்தான் ஷாஃப்ட்டை இழுக்கிறது! அவர் ஒன்றும் பேசாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாராம். உலகத்தின் முதல் டீசல் இழுவை அதுதான். ஏறக்குறைய ஒரே ஒரு நிமிஷம்.

மேலும் மூன்று வருஷ உழைப்பு. 1897 பிப்ரவரி 17 அன்று மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி அளந்தார். நூற்றுக்கு 26.2 பங்கு வெப்பம் வேலையாக மாறியது. எஞ்சினின் சக்தி ஏறத்தாழ இருபது குதிரைதான், ஓர் இளைத்த டிராக்டர் அளவு. ஆனால் அந்த 26.2 உலகத்தைப் புரட்டியது. அமெரிக்காவில் பீர் ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் அந்த நாட்டு உரிமையை வாங்கினார், ரஷ்யாவில் நோபல் குடும்பத்தார் வாங்கினார்கள். தள்ளுவண்டி தள்ளிய பையன் நாற்பது வயதில் கோடீஸ்வரர்!

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவர் எஞ்சினுக்கு முதல் பரிசு. அங்கே நடந்த ஒன்றை நம்ம ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டோ கம்பெனி அங்கே வைத்திருந்த ஒரு சின்ன டீசல் எஞ்சின் எதில் ஓடியது தெரியுமா? மல்லாட்டை எண்ணெயில்! பெட்ரோலிய எண்ணெய்க்கென்று செய்த எஞ்சின், ஒன்றையும் மாற்றாமல் அப்படியே ஓடியது. பக்கத்தில் நின்றவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லையாம். பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனிகளில் மல்லாட்டை விளைந்ததால் அந்த அரசாங்கம் அதில் அக்கறை காட்டியது. செடியிலிருந்து வரும் எண்ணெய்க்குப் பிற்காலத்தில் பெரிய இடம் வரலாம் என்று 1912இல் டீசலே பேசியிருக்கிறார். வி.ஆர்.ஐ. என்று நம்ம ஊர்ப் பெயரைத் தாங்கிய மல்லாட்டை ரகங்களை ஆராய்ச்சி நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்ன எஞ்சின் ஞாபகம்தான் வரும்.

அவருடைய ஆசை பெரிய முதலாளிகளுக்கு எஞ்சின் கொடுப்பது அல்ல. நீராவி எஞ்சின் வாங்க வசதியில்லாத சிறு கைத்தொழிலாளிக்கு, அவர் அப்பாவைப் போன்ற பட்டறைக்காரருக்கு, சிக்கனமான எஞ்சின் வேண்டும் என்று நினைத்தார். நடந்தது வேறு. எண்ணெயைத் தூவ அமுக்கிய காற்று வேண்டும், அதற்கு ஒரு கம்ப்ரசர் வேண்டும். எஞ்சின் யானை மாதிரி ஆகிவிட்டது. மின் நிலையத்துக்கும் கப்பலுக்கும்தான் பொருந்தியது. டீசலில் ஓடிய செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் 1912இல் பாங்காக் வரை வந்து திரும்பியது. லாரிக்கு அது பொருந்தியதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

புகழ் வந்த இடத்தில் வழக்கும் வந்தது. அவர் முதலில் புத்தகத்தில் எழுதிய கணக்குக்கும் கடைசியில் ஓடிய எஞ்சினுக்கும் வித்தியாசம் இருந்தது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு பேட்டன்ட்டே செல்லாது என்று கிளம்பினார்கள். தலைவலி, தூக்கமின்மை, ஆஸ்பத்திரி வாசம். மியூனிக்கில் மாளிகை கட்டினார். நிலத்தில் போட்ட பணம் போனது, மற்றவற்றில் போட்டதும் போனது. எஞ்சினில் ஒரு சதவீத வெப்பத்தையும் விடாமல் துரத்தியவர், சொந்தப் பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வீட்டில் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29 மாலை, லண்டனில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். உடன் வந்தவர்களோடு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டார். காலை ஆறேகாலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. தொப்பியும் கோட்டும் மேல்தளத்தில் கிடந்தன. சில நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. படகுக்காரர்கள் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி போன்றவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருட்களை அடையாளம் காட்டியவர் மகன். கொன்றுவிட்டார்கள் என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. அது எனக்குச் சுவைக்கவில்லை. புறப்படும் முன் அவர் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, உடனே திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதில் கொஞ்சம் ரொக்கமும், வங்கிக் கணக்குகள் காலி என்று காட்டும் தாள்களும் இருந்தன.

அவர் போன பிறகுதான் எஞ்சின் லாரியில் ஏறியது. அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வழிவந்த எம்.ஏ.என். கம்பெனி 1924இல் டீசல் லாரியைக் காட்டியது. 1927இல் பாஷ் கம்பெனியின் பம்ப் வந்து அந்த யானைக் கம்ப்ரசரை ஒழித்தது. நான் திருகிக் கெடுத்தது அந்த பம்ப்பின் பேரப்பிள்ளையைத்தான். 1931இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் கம்மின்ஸ் டீசல் கார் ஒன்று 500 மைலையும் நடுவில் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. அந்தக் கம்மின்ஸ் எஞ்சின் வைத்த பிக்கப்புகள்தான் இன்று ஸ்லெட் இழுப்பதில் ராஜா. முழுப் புகையோடு கிளம்பும்போது கூட்டம் கத்துகிறது. அந்தப் புகை எரியாமல் போகும் டீசல். எதை வீணாக்கக் கூடாது என்று ஒருவர் ஆயுளைக் கொடுத்தாரோ அதையே அவர் பெயரில் ஊதித் தள்ளுகிறோம். இப்போது அங்கேயும் பட்டறையில் தேறினவர்கள், டீசலைக் கூட்டும் முன் காற்றைக் கூட்டுகிறார்கள், சைலன்சர் சூட்டை மீட்டரில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். நான் சூட்டுமீட்டர் என்ன, ரேடியேட்டர் தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் கதையை ஒரு நாள் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டே கேட்டார். முப்பது வருஷமாக அந்தப் பேரைச் சொல்கிறவர் அல்லவா, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மல்லாட்டை எண்ணெய் இடத்தில் புனலைக்கூட நிறுத்திவிட்டு நின்றார். கப்பல் கதை வந்ததும் சிரிப்பு போய்விட்டது. உடம்பு வீடு வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றேன். கடன் அந்த அம்மாவுக்கு முன்னமே தெரியாதா என்று அடுத்துக் கேட்டார். தெரியாது என்றேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து மூன்று அடகுச் சீட்டுகளை எடுத்துப் போட்டார். அம்மாவின் தோடு, மூக்குத்தி, பாட்டி கொடுத்த காசுமாலை. இரண்டு என் ஃபீஸுக்கு, ஒன்று பிக்கப்புக்கு. மொத்தம் 46,000 ரூபாய், வட்டி தனி. தேதியைப் படிக்கச் சொன்னார், படித்தேன். ஒன்று அடுத்த மாதம் முழுகுகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றையும் வரிசையாக எழுதி, எதை முதலில் மீட்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தோட்டை முதலில் மீட்பதென்று முடிவானது.